பெரிய நிறுவனம் இல்லாமல் ஒரு பாடகர் ஐம்பது ஆண்டுகள் நிலைப்பது எப்படி? ஜான் பிரைனின் வழி

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ‘அமெரிக்கானா’ என்று அழைக்கப்படும் இசையில், தானே எழுதித் தானே பாடும் ஒருவர், பெரிய இசைத்தட்டு நிறுவனம் எதையும் சாராமல், வானொலியில் தன் குரலில் ஒரு வெற்றிப் பாடல்கூட இல்லாமல், வாழ்நாள் முழுவதும் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்? பணம் எங்கிருந்து வருகிறது? இன்று ஒருவர் அதே வழியில் தொடங்க முடியுமா?

முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் அதைப் பொதுப்படையாகச் சொன்னால் ஊக்க உரையாகிவிடும் என்பதால், இந்த வழியை யாரும் பெரிதாக நம்பாத காலத்திலேயே நடந்து காட்டிய ஜான் பிரைன் என்ற ஒருவரின் தொழில் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். அவர் எவ்வளவு நல்ல பாடலாசிரியர் என்பதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் எவ்வளவு நிதானமாகத் தன் தொழிலைக் கட்டினார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அந்தக் குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

முதலில் இசைவகையைப் பற்றி ஒரு சொல். நாட்டுப்புறப் பாடல், கன்ட்ரி, புளூஸ், கோஸ்பல், புளூகிராஸ் ஆகிய பழைய அமெரிக்க மரபுகளில் வேரூன்றி, அதே சமயம் கன்ட்ரி இசைத் துறையின் மையமான நாஷ்வில் நகரின் வணிகக் கன்ட்ரி வானொலிக்குள் அடங்காமல் இருக்கும் பாடல்களுக்கே இன்று அமெரிக்கானா என்று பெயர். 1995 ஜனவரியில் கேவின் என்ற வானொலித் துறை இதழ் இந்தப் பெயரில் தனிப் பட்டியல் வெளியிடத் தொடங்கியது. 1999-இல் இதற்கென்று ஒரு சங்கம் நாஷ்வில்லில் உருவானது. 2010 முதல் கிராமி விருதில் அமெரிக்கானா ஆல்பத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பிரைன் பாடத் தொடங்கியபோது இவை எதுவும் இல்லை. அவருடைய தட்டை எந்த அடுக்கில் வைப்பது என்று இசைத்தட்டுக் கடைக்காரருக்கே தெரியாத காலம் அது. இந்தத் தடுமாற்றம் அவருடைய விற்பனையை நேரடியாகப் பாதித்தது என்பதால்தான் இதைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன்.

ஜான் பிரைன் 1946 அக்டோபர் 10 அன்று சிகாகோவை ஒட்டிய மேவுட் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோரின் பூர்வீகம் கென்டக்கி மாநிலத்தின் மியூலன்பர்க் மாவட்டம், அதாவது நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அண்ணன் டேவ் கித்தார் கற்றுக்கொடுத்தார். 1960-களின் நடுவில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, வியட்நாமுக்குப் போகாமல் மேற்கு ஜெர்மனியில் பணியாற்றிவிட்டுத் திரும்பி வந்து, சொந்த ஊர்ப் பக்கத்திலேயே தபால்காரராக வேலை பார்த்தார். தெருத்தெருவாக நடந்து கடிதம் கொடுக்கும் வேலையில் மனத்துக்கு ஓய்வு நிறைய. அந்த ஓய்வில்தான் அவருடைய முதல் பாடல்கள் பிறந்தன. தபால் வண்டிகள் கட்டுகளை இறக்கி வைத்துவிட்டுப் போகும் பெரிய இரும்புப் பெட்டிகள் அங்கே தெருமுனைகளில் இருக்கும். குளிர்காற்று தாங்க முடியாத நாட்களில் அந்தப் பெட்டிக்குள் புகுந்து உட்கார்ந்து மதிய உணவைச் சாப்பிட்டபடி வரிகளை யோசித்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

1970-ஐ ஒட்டி, சிகாகோவில் ஃபிஃப்த் பெக் என்ற சிறிய மதுக்கூடத்தில், யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்ற இரவொன்றில் அவர் முதன்முறையாகப் பாடினார். பாடியவற்றில் ஒன்று ‘சாம் ஸ்டோன்’: போரிலிருந்து பதக்கத்தோடும் போதைப் பழக்கத்தோடும் வீடு திரும்பும் சிப்பாயின் கதை. இன்னொன்று ‘ஹலோ இன் தேர்’: பிள்ளைகள் பிரிந்துபோன பின் தனித்துப்போன முதிய தம்பதியின் குரல். எழுதியவருக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. சிகாகோ சன் டைம்ஸ் நாளிதழின் திரைப்பட விமர்சகர் ராஜர் ஈபர்ட் தற்செயலாக அவருடைய பாட்டைக் கேட்டு, 1970 அக்டோபரில் பாடும் தபால்காரரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கூட்டம் சேர்ந்தது. மறு ஆண்டு, பாடகரும் நண்பருமான ஸ்டீவ் குட்மன், அப்போதே புகழ்பெற்றிருந்த கன்ட்ரி பாடகர் கிறிஸ் கிறிஸ்டாஃபர்சனைப் பின்னிரவில் அழைத்து வந்து பிரைனின் பாடல்களைக் கேட்க வைத்தார். பிறகு நியூயார்க்கில் கிறிஸ்டாஃபர்சன் தன் மேடையில் இவரை ஏற்றிவிட, அங்கே அமர்ந்திருந்த, அட்லாண்டிக் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் உடனே ஒப்பந்தத்துக்கு முன்வந்தார்.

இதுவரை நடந்தது எல்லாருக்கும் பிடித்த பகுதி. வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் இதைத்தான் விரித்துச் சொல்கின்றன. உங்கள் கேள்விக்கான பதிலோ இதற்குப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்குகிறது.

1971-இல் அட்லாண்டிக் வெளியிட்ட முதல் தட்டு இன்று ஒரு செவ்வியல் படைப்பாகக் கருதப்படுகிறது. அன்று அது பில்போர்டு இதழின் அமெரிக்க ஆல்பப் பட்டியலில் 154-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், சக பாடகர்கள் பாடல்களை எடுத்துப் பாடினார்கள், கடைகளில் மட்டும் விற்கவில்லை. அடுத்து 1972, 1973, 1975 ஆகிய ஆண்டுகளில் மூன்று தட்டுகள் வந்தன. பின்பு அசைலம் என்ற இன்னொரு பெரிய நிறுவனத்துக்கு மாறி 1978, 1979, 1980 என மூன்று ஆண்டுகளில் மூன்று தட்டுகள். ஒன்பது ஆண்டுகளில் ஏழு தட்டுகள் வெளியிட்ட பிறகும், பெரிய நிறுவனத்தின் அளவுகோலில் அவர் ஒரு நஷ்டக் கணக்குதான்.

அந்த அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பெரிய நிறுவனம் ஒரு பாடகரை எடுத்துக்கொள்ளும்போது முன்பணம் கொடுக்கிறது, ஒலிப்பதிவுச் செலவையும் ஏற்கிறது. ஆனால் அந்தத் தொகை பாடகரின் பங்கிலிருந்து கழிக்கப்படும் கடனாகவே கணக்கில் ஏறுகிறது. விற்பனை விலையில் பாடகருக்கு ஒதுக்கப்படும் சிறிய விழுக்காட்டிலிருந்து அந்தக் கடன் முழுவதும் அடையும்வரை, தட்டு விற்றதற்காக அவருக்குக் கையில் ஒன்றும் வராது. கடன் அடைந்த பிறகும் மூல ஒலிப்பதிவு நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும். வீட்டுக் கடனைக் கட்டி முடித்த பிறகும் வீடு வங்கியின் பெயரிலேயே இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. மேலும், ஐம்பதாயிரம் பேர் ஒரு தட்டை விடாமல் தேடி வாங்குவார்கள் என்றால் அது ஒரு பாடகருக்கு நல்ல வாழ்வு. லட்சக்கணக்கில் விற்றே தன் அலுவலகங்களை நடத்த வேண்டிய நிறுவனத்துக்கு அது போதாது. ஒரே ரசிகர் கூட்டம், ஒரே எண்ணிக்கை. ஒருவருக்கு அது வெற்றி, மற்றவருக்குத் தோல்வி. பிரைன் இதைப் புரிந்துகொண்டார் என்பதே அவர் தொழில் வாழ்க்கையின் திருப்பம்.

1981-இல் அவர் தன் மேலாளர் ஆல் புனெட்டா, டான் ஐன்ஸ்டைன் ஆகியோருடன் சேர்ந்து ஓ பாய் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் வெளியீடு ஆல்பம்கூட இல்லை. சிவப்பு நிறத்தில் அச்சிட்ட ஒரு கிறிஸ்துமஸ் சிறுதட்டு. ஏறக்குறைய அதே சமயத்தில் ஸ்டீவ் குட்மனும் இதே புனெட்டாவின் துணையுடன் ரெட் பஜாமாஸ் என்ற பெயரில் தனக்கென்று ஒரு நிறுவனம் அமைத்தார். ரத்தப் புற்றுநோயோடு நெடுங்காலம் போராடி வந்த குட்மன் 1984 செப்டம்பரில் மறைந்துபோனதால், இரு நண்பர்களும் ஒன்றாகத் தொடங்கிய முயற்சி ஒருவருடையதாக மட்டும் நீடித்தது.

அன்றைய நிலையில் இந்த முடிவு எவ்வளவு துணிச்சலானது என்பதை இன்றைக்கு உணர்வது கடினம். இணையம் இல்லை. கடைகளுக்குத் தட்டுகளைக் கொண்டுசேர்க்கும் விநியோக வலைகள் பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தன. கடை வழியே போக முடியாதவருக்குத் தபால் வழி இருந்தது. பிரைன் பத்தாண்டுகள் ஊர் ஊராகக் கச்சேரி செய்து சேர்த்துவைத்திருந்த ரசிகர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியும். அவர்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதலாம், காசோலையைப் பெற்றுக்கொண்டு தட்டைப் பொதிந்து அனுப்பலாம். 1984-இல் ஓ பாய் வெளியிட்ட முதல் ஆல்பமான ‘ஏம்லெஸ் லவ்’ இப்படித்தான் வந்தது. ஆல்பம் தயாராவதற்கு முன்பே ரசிகர்கள் பணம் அனுப்பி வைத்தார்கள். தயாரிப்புச் செலவு அதிலேயே ஈடானது. பின்னாளில் இணையத்தில் கூட்டு நிதி திரட்டல் என்று பெயர் பெற்ற முறையை, ஒரு முன்னாள் தபால்காரர் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தபால் உறைகளைக் கொண்டு நடத்திக் காட்டினார்.

இதனால் கிடைத்த பணத்தைவிட, கிடைத்த காலம் பெரிது என்று நான் நினைக்கிறேன். கணக்கைப் பாருங்கள். நிறுவனங்களின் கீழ் ஒன்பது ஆண்டுகளில் ஏழு தட்டுகள் என்று மேலே சொன்னேன். சொந்த நிறுவனம் வந்த பிறகு, பெரும்பாலும் புதிய சொந்தப் பாடல்களால் ஆன அவருடைய ஆல்பங்கள் வந்த ஆண்டுகள் இவை: 1984, 1986, 1991, 1995, 2005, 2018. கடைசி இரண்டு இடைவெளிகள் பத்து ஆண்டுகளும் பதின்மூன்று ஆண்டுகளும். எந்தப் பெரிய நிறுவனமும் ஒரு பாடகருக்காக இவ்வளவு காலம் காத்திருக்காது. ஒப்பந்தத்தை எப்போதோ முறித்திருக்கும், அல்லது பாதி வெந்த பாடல்களோடு ஆண்டுக்கொரு தட்டு கேட்டிருக்கும். பிரைன் மெதுவாக எழுதுபவர். அந்த மெதுவை ஒரு குறையாக யாரும் சுட்டிக்காட்ட முடியாத இடத்தில் தன்னை அவர் வைத்துக்கொண்டார். 1970-களின் பிற்பகுதித் தட்டுகளில் அவசரத்தில் சேர்த்ததாகத் தோன்றும் பாடல்கள் சில உண்டு. 1991-க்குப் பிறகு வந்த அவருடைய சொந்தப் பாடல்களில் அப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பது எனக்குச் சிரமமாக இருக்கிறது.

அந்த 1991 ஆல்பம் ‘த மிஸ்ஸிங் இயர்ஸ்’. டாம் பெட்டியின் இசைக்குழுவில் பேஸ் வாசித்த ஹவி எப்ஸ்டைன் தயாரித்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், டாம் பெட்டி, போனி ரைட் ஆகியோர் அதில் துணைக்குரல் கொடுத்தார்கள். சமகால நாட்டுப்புற ஆல்பத்துக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு தபாலில் தட்டு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு சிறு நிறுவனம், பெரியவர்களோடு அதே மேடையில் நின்று வாங்கிய விருது அது.

இனி வருமானத்துக்கு வருகிறேன். பாடலாசிரியருக்கு அமெரிக்கச் சட்டத்தில் இரண்டு தனித்தனிச் சொத்துகள் உண்டு: எழுதிய பாடல் ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. ஒரு பாடல் ஒருமுறை வெளிவந்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம்; ஆனால் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் சட்டம் நிர்ணயித்த தொகையைப் பாடலின் உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும். 1998-இல் அந்தத் தொகை 7.1 சென்ட், 2006 முதல் 2022 வரை 9.1 சென்ட். பத்து லட்சம் பிரதிகள் விற்கும் ஒரு தட்டில் ஒரேயொரு பாடல் இடம்பெற்றால் 1998 விகிதத்தில் 71,000 டாலர். அது எழுதியவர்களுக்கும், பாடல் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பாளருக்கும் இடையே பிரியும். இதற்கு மேல் வானொலி இருக்கிறது. அமெரிக்காவில் வழக்கமான வானொலி நிலையங்கள் ஒரு பாடலை ஒலிபரப்பும்போது பாடியவருக்கோ ஒலிப்பதிவின் உரிமையாளருக்கோ எதுவும் கொடுப்பதில்லை. எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டுமே கொடுக்கின்றன. பாடகர்களுக்கு இது பெரிய அநீதி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் எழுதத் தெரிந்தவருக்கு இதுவே அடித்தளமாகிறது.

பிரைனுக்கு அப்படித்தான் ஆனது. அவருடைய ‘ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கமரி’ பாடலை 1974-இல் போனி ரைட் பதிவு செய்து, அதைத் தன் வாழ்நாள் பாடலாகவே ஆக்கிக்கொண்டார். ராஜர் குக்கோடு சேர்ந்து பிரைன் எழுதிய ஒரு பாடலை டான் வில்லியம்ஸ் பாடி, 1983-இல் அது கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே இருவர் எழுதி, பிரைன் தன் 1986 ஆல்பத்தில் பாடி யாரும் பெரிதாகக் கவனிக்காமல் போன ‘ஐ ஜஸ்ட் வான்ட் டு டான்ஸ் வித் யூ’ என்ற எளிய பாடலை, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் எடுத்துப் பாட, 1998-இல் அதுவும் முதலிடம் வந்தது. தன் குரலில் வானொலி வெற்றி ஒன்றுமில்லாத ஒருவர், பிறர் குரல்களில் நாடு முழுவதும் ஒலித்தார். கேள்வியில் ‘வெற்றிப் பாடல்கூட இல்லாமல்’ என்று இருந்ததே, அதற்கான விடை இங்கேதான் இருக்கிறது.

அந்த 1998-ஆம் ஆண்டிலேயே அவருக்குக் கழுத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறுவை சிகிச்சையில் கழுத்தின் ஒரு பகுதி அகற்றப்பட்டது, நாக்கின் சில நரம்புகள் பாதிக்கப்பட்டன. கதிரியக்கச் சிகிச்சையும் நடந்தது. குரல் பல படிகள் கீழே இறங்கிக் கரகரப்பானது. பாடகர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. அவர் பாடல்களின் சுருதியை இறக்கி வைத்துப் பாடிப் பார்த்தார். பழைய பாடல்கள் தனக்கே புதியவையாகத் தோன்றின என்று பின்னர் சொன்னார். 1999-இல் பெண் பாடகர்களோடு இணைந்து பாடிய பழைய கன்ட்ரிப் பாடல்களின் தொகுப்பை வெளியிட்டார். அதில் ஐரிஸ் டிமென்ட்டுடன் பாடிய தலைப்புப் பாடல் மட்டுமே அவர் எழுதியது. எழுதும் வலு இல்லாத காலத்தில் எழுதாமல் பாட அவருக்கு உரிமை இருந்தது. 2000-இல் வந்த ‘சுவனீர்ஸ்’ தட்டில், பெரும்பாலும் அட்லாண்டிக், அசைலம் காலத்துப் பாடல்களைத் தன் புதிய குரலில் மறுபடியும் பதிவு செய்தார். பழைய மூல ஒலிப்பதிவுகள் பெரிய நிறுவனங்களிடமே இருக்க, அதே பாடல்களின் இன்னொரு பதிவு அவருடைய சொந்த நிறுவனத்தின் சொத்தாக ஆனது. இதே வழியை இருபது ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய பாப் நட்சத்திரம் பின்பற்றியபோது உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஓ பாய் அதைச் சத்தமில்லாமல் செய்துவிட்டிருந்தது.

மற்றொரு பெரிய வருமானம் கச்சேரி. 1980-களில் பெரும்பாலும் கித்தாரோடு தனியாகவே மேடையேறினார். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து நெடுங்காலம் ஜேசன் வில்பர் கித்தாரும் டேவ் ஜாக்ஸ் பேஸும் வாசிக்க, மூன்று பேர் மட்டுமே. டிரம்ஸ் இல்லை, பின்னணிக் குரல்கள் இல்லை, லாரி நிறையக் கருவிகள் இல்லை. சொற்கள் கேட்க வேண்டும் என்பதற்கு இந்த அமைப்பு பொருந்தியது, செலவுக்கும் பொருந்தியது. ஆயிரம் இரண்டாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கம், மூன்று பேர் கொண்ட குழு என்றால் ஒவ்வொரு இரவும் லாபத்தில் முடியும் வாய்ப்பு அதிகம். பாட்டுகளுக்கு நடுவே அவர் சொல்லும் கதைகளுக்காகவே வந்தவர்கள் உண்டு. 1988-இல் வந்த நேரடிக் கச்சேரித் தட்டில் அதைக் கேட்கலாம்.

2005-இல் வந்த ‘ஃபேர் அண்ட் ஸ்கொயர்’ ஆல்பத்துக்காக மறு ஆண்டு மறுபடியும் கிராமி. ஆல்பம் வந்த அந்த 2005-இலேயே, அரசவைக் கவிஞராக இருந்த டெட் கூசரின் அழைப்பில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாடினார். 2013-இல் நுரையீரலில் புற்றுநோய்; அதையும் கடந்து மேடைக்குத் திரும்பினார். 2015-இல் புனெட்டா மறைந்தபோது, மனைவி ஃபியோனாவும் அவருடைய மகன் ஜோடி வீலனும் நிறுவனத்தைக் கையில் எடுத்தார்கள். புதிய பாடல்கள் வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்து, அரைகுறை வரிகள் நிறைந்த பெட்டிகளோடு பிரைனை நாஷ்வில்லின் ஒரு விடுதி அறையில் ஒரு வாரம் தங்க வைத்தார்கள். அங்கே முடிந்த பாடல்களை டேவ் காப் தயாரிக்க, 2018 ஏப்ரலில் ‘த ட்ரீ ஆஃப் ஃபர்கிவ்னஸ்’ வெளிவந்தது. பில்போர்டு பட்டியலில் 5-ஆம் இடம். முதல் தட்டு வெளிவந்து நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, எழுபத்தோரு வயதில், அவர் வாழ்நாளில் எட்டிய மிக உயர்ந்த இடம் அது. 2017-இலும் 2018-இலும் அமெரிக்கானா சங்கம் அவரை ஆண்டின் சிறந்த கலைஞராகத் தேர்ந்தெடுத்தது.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரைன் வெறுங்கையோடு தொடங்கவில்லை. முதல் பத்து ஆண்டுகளில் இரண்டு பெரிய நிறுவனங்கள் தங்கள் பணத்தைச் செலவழித்து அவர் பெயரை நாடெங்கும் கொண்டுபோயிருந்தன. அந்த ரசிகர்கள் இல்லாமல் 1984-இல் முன்பணக் காசோலைகள் வந்திருக்காது. ஆகவே, பெரிய நிறுவனம் எப்போதும் வேண்டாத ஒன்று என்று இந்த வரலாற்றிலிருந்து யாராவது முடிவு கட்டினால் அது அரைகுறை வாசிப்பு. அவர்கள் செய்து தந்ததை ஏற்றுக்கொண்டு, அவர்களால் செய்ய முடியாததைத் தானே செய்துகொள்ளச் சரியான நேரத்தில் வெளியேறினார் என்பதே உண்மை.

இன்றைக்கு அந்த முதல் பத்து ஆண்டுகளை வேறு வழியில் கடக்க வேண்டியிருக்கிறது. நாஷ்வில்லில் தர்ட்டி டைகர்ஸ் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அவை பாடகரின் ஒலிப்பதிவை வாங்கிக்கொள்வதில்லை. விநியோகம், விளம்பரம் ஆகிய சேவைகளைச் செய்து, வருமானத்தில் பங்கு எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்கானா பாடகர் ஜேசன் இஸ்பெல் தன் சொந்தப் பெயர்ப்பலகையான சவுத்ஈஸ்டர்னில் 2013 முதல் வெளியிட்டுவரும் ஆல்பங்கள் இந்த வழியில் வந்தவைதான். இணைந்து பாடும் ஜில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 2001-இல் ஏகோனி என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நாஷ்வில்லின் பழைய வுட்லண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தையே வாங்கி, பிறகு எல்பி தட்டுகளை வெட்டும் இயந்திரத்தையும் சொந்தமாக்கிக்கொண்டார்கள். பாடல் எழுதுவது முதல் தட்டு வெட்டுவது வரை எல்லாம் இருவர் கையில். 2020 மார்ச்சில் சூறாவளி அந்தக் கூடத்தின் கூரையைப் பிய்த்தபோது, தங்கள் நாடாக்களை மழையிலிருந்து தூக்கி ஓடிக் காப்பாற்றியவர்களும் அந்த இருவரேதான். சொத்து தன்னுடையது என்றால் காவலும் தன்னுடையது. அந்தக் கட்டடத்தின் பெயரையே தாங்கி 2024-இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பம் அடுத்த ஆண்டு நாட்டுப்புற ஆல்பத்துக்கான கிராமி வென்றது.

ஸ்ட்ரீமிங் பற்றிச் சிலர் தனியாகக் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தனியாகத் தொடங்கும் ஒருவருக்கு அது முகவரி அட்டை, சம்பளம் அல்ல. 2024 முதல் ஸ்பாட்டிஃபை, பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாடலின் ஒலிப்பதிவுக்குப் பணமே கொடுப்பதில்லை. இணைய வானொலி இதைவிடச் சற்று நியாயமானது: அங்கிருந்து வசூலிக்கும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அமைப்பு, தொகையில் பாதியை ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும், 45 விழுக்காட்டை முதன்மைப் பாடகருக்கும், மீதி 5 விழுக்காட்டைப் பக்க வாத்தியக்காரர்களுக்கும் பிரித்துத் தருகிறது. ஒலிப்பதிவும் குரலும் ஒருவருடையதே என்றால் 95 விழுக்காடு அவருக்கே வரும். தபால் முகவரிப் பட்டியலின் இடத்தில் இன்று மின்னஞ்சல் பட்டியல் இருக்கிறது. கச்சேரி முடிந்ததும் தட்டு விற்கும் மேசையில் தானே நின்று, வாங்குபவரின் மின்னஞ்சலைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பாடகரை எந்தத் தளமும் தன் விதிகளை மாற்றி ஒரே இரவில் அழித்துவிட முடியாது.

இந்த வழியில் உண்மையான ஆபத்து உடல்நலத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலைகொடுப்பவர் வழியாக வருவது. தனக்குத்தானே முதலாளியான பாடகர் அதைத் தானே வாங்க வேண்டும், நோயில் படுத்தால் கச்சேரி வருமானமும் நின்றுபோகும். கிராமி அமைப்பு 1989-இல் தொடங்கிய மியூசிகேர்ஸ் போன்ற உதவி நிதிகள் அதனால்தான் தேவைப்படுகின்றன. 2020-இல் பெருந்தொற்று எல்லா அரங்குகளையும் ஒரே நேரத்தில் மூடியபோது, கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாக இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளம் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கலைஞர்களுக்குக் கைகொடுத்தது. அந்தத் தொற்றே 2020 ஏப்ரல் 7 அன்று, எழுபத்து மூன்றாம் வயதில், நாஷ்வில்லில் ஜான் பிரைனையும் கொண்டுபோனது. அவர் கடைசியாகப் பதிவு செய்த பாடலுக்கு மறு ஆண்டு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. ஓ பாய் குடும்பத்தின் கையிலேயே தொடர்கிறது. கெல்சி வால்டன், ட்ரே பர்ட், எமிலி ஸ்காட் ராபின்சன் என்று இளைய பாடலாசிரியர்களின் ஆல்பங்களை வெளியிட்டுவருகிறது.

கேட்கத் தொடங்க விரும்புகிறவர்கள் 1971 ஆல்பத்தில் உள்ள ‘ஹலோ இன் தேர்’ பாடலைக் கேட்டுவிட்டு, உடனே 2000-ஆம் ஆண்டுப் பதிவில் அதே பாடலைக் கேளுங்கள். இளைஞர் ஒருவர் முதுமையைக் கற்பனை செய்து பாடியது முதல் பதிவு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, ஐம்பதைக் கடந்தவர் பாடியது இரண்டாவது. பிறகு 1991 ஆல்பத்தையும் 2018 ஆல்பத்தையும் முழுமையாகக் கேளுங்கள். தட்டாக வாங்க நினைத்தால் ஓ பாய் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்கலாம். இப்போதும் அவர்கள் நேரடியாகத் தபாலில் அனுப்புகிறார்கள்.